ஒன்றும் நடக்காததன் விலை

இரவு ஏழு மணி. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
உலகத்தின் மற்றப் பக்கத்தில் சந்தை
இப்போதுதான் ஷட்டர் தூக்குகிறது.
குளித்து, சறம் மாற்றி, வேலைக்குப் போகிறேன்:
கட்டிலிலிருந்து மேசைக்கு
ஏழடி.

மென்பொருளைத் திறந்தால் முதலில் ஒரு வெறுங்கட்டம்.
கிடைக்கோட்டில் விலை. நிலைக்கோட்டில் என் வீட்டு வாடகை.
மேலே ஒரு கோல் விற்கிறேன், கீழே ஒரு புட்.
இரண்டுக்கும் நடுவே விலை தூங்கிக் கிடந்தால்
காசு எனக்கு.
அதாவது நான் விற்பது
ஒன்றும் நடக்காது என்கிற வாக்குறுதியை.
இந்த ஊரில் இருந்துகொண்டு.

திரையில் என் நிலைமை இரண்டு கோடுகளாக வரும்.
இன்றைய கோடு கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை,
எதைக் கேட்டாலும் ‘பார்ப்பம்’ என்று மழுப்புகிற கோடு.
முதிர்வு நாளின் கோடு தகரக் கூரை.
மூலைகள் வெட்டும்.
அடியில் உள்ள திகதியை விரலால் இழுக்க இழுக்க
பானை மெல்ல மெல்லத் தகரமாகிறது.
நாளொன்றுக்குப் பதினொரு டொலர் அறுபது சதம்
காலம் எனக்குத் தருகிற படி.
தீட்டா என்பார்கள், கிரேக்க எழுத்து.
தீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான்
நினைக்கிறேன்.

முன்பு கோட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில்
ரஸ்மிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.
அவன் சொல்லுவான்: மச்சான், இந்த புரோகிராம்
கரையில இருந்து அலை எண்ணுற பிள்ளை,
சுனாமி எண்டா அதுக்கு எழுத்துப் பிழை.

பின்னணியில் மங்கலாக ஒரு மணியும் வரையும் அது.
நடுவில் தடிப்பு, இரு கரையிலும் வால்.
வாலின் நுனிக்கு அது எழுதும் குறிப்பு:
நாலாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை.
நான் பிறந்தது அந்த நுனியில்.
பள்ளிக்கூடம் போனது, ஓ லெவல் எழுதியது,
எல்லாம் அங்கேதான்.
இருநூற்று மூன்றில் கட்டிப்போட்டிருந்த டொலர்
கயிறறுத்து ஓடிய அந்த மார்ச்சில்
பெற்றோல் வரிசையில் மடிக்கணினியை விரித்து
ரூபாயை இதற்குள் போட்டுப் பார்த்தேன்.
கோடு திரையைவிட்டு வெளியே போய்விட்டது.
‘அளவை மாற்றவா?’ என்று கேட்டது
பணிவாக.

இன்றைக்கு வேறொன்றைப் போடுகிறேன்.
அலுமாரியில், துவாய்களுக்கு அடியில்,
ஜெனிற்றாவின் கனடாக் கடிதம்.
போகலாம்; போயே ஆகவேண்டும் என்றில்லை.
உரிமை உண்டு, கடப்பாடு இல்லை.
ஒப்ஷனுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.
கட்டிய காசு: நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
முதிர்வு: ஓகஸ்ட் ஒன்பது.
மிச்சம்: நாற்பத்தொரு நாள்.
தீட்டா இங்கே கழித்தல் குறியோடு.
தளம்பல் எத்தனை வீதம், என்கிறது ஒரு பெட்டி.

நேற்றுக் கீழ்மாடி மிஸிஸ் குணதிலக்கவிடம்
கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்து பல்கனியில் வைத்தாள்.
முந்தாநாள் பனிச் சப்பாத்து விலை பார்த்தாள்.
எத்தனை வீதம்?
இதை அவளுக்கு விற்றவன் யார் என்றும்
ஒரு பெட்டி கேட்டிருந்தால் நல்லது.
நானாக இருக்கலாம்.

பதினொன்றரைக்கு லைட் போனது.
யூபிஎஸ் பசித்த குஞ்சு மாதிரிக் கத்தியது.
இருட்டில் என் நிலைமை மட்டும் வெளிச்சம்.
கடலோரத் தண்டவாளத்தில், பிந்திப்போன பாணந்துறை ரயில்;
யன்னல் நடுங்கியது. விலையும்.
கீழ்க்கால் வரை இறங்கி, மோந்து பார்த்து,
திரும்பி வந்தது.
பயத்தில் இரண்டையும் மீட்டு வாங்கினேன்.
ஒன்பது டொலர் லாபம். தரகு போக ஆறு.

உள்ளறையிலிருந்து அவள்:
‘என்ன சத்தம்? ஏதும் நடந்ததே?’
‘ஒண்டும் நடக்கேல்ல. படும்.’

மூடும்போது மென்பொருள் கேட்டது:
ஓகஸ்ட் ஒன்பதைச் சேமிக்கவா, அழிக்கவா?
‘பின்னர்’ என்று மூன்றாவதாகவும் ஒரு பொத்தான்.
விரல் அங்கே போய்ச் சேருவதற்குள்
மூலையில் திகதி மாறியது.
நாற்பது.