மூன்று பேனா

நாளை இலாகாவிலிருந்து ஆள் வருகிறார்.
"மூணு பேனா வேணும் லோஷினி.
நீலம், கறுப்பு,
இன்னொண்ணு மை தீரப்போறதா இருக்கட்டும்"
என்றார் முதலாளி.
மை தீரப்போகும் பேனாவை
ஜெலுத்தோங்கில் எந்தக் கடையில் கேட்பது?
என் கைப்பையில் ஒன்று கிடந்தது.

ஏழு மாதப் பயிற்சிக் குறிப்பேடு
பிரிக்காத சட்டைபோல் மொடமொடவென்று.
ஏர்கோண்ட் பட்டறையின் இரும்புக் கதவை
பாதி இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

பிப்ரவரி: செப்புக்குழாய் வளைத்தல்.
அந்த மாதம் யுவேந்திரன் முதலாளி மகளை
டியூஷனில் விட்டு ஏற்றி வந்தான்.
மார்ச்: வாயுக்கசிவு சோதித்தல்.
லாரி கழுவினான்.
ஏப்ரல்: வெளிப்பெட்டி பொருத்துதல், பாதுகாப்பு முறைகளுடன்.
ஃபார்லிம் அடுக்குமாடி, எட்டாவது மாடி,
இடுப்பில் கயிறில்லாமல்
பெட்டியை அணைத்தபடி நின்றான்.
கீழே பார்க்காதே என்பதுதான்
அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.
முதலாளி செய்ய வேண்டியது இரண்டு பக்கம்,
பையன் செய்ய வேண்டியது அரைப் பக்கம்.
வாரம் ஒருநாள் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்;
புதன் என்று போட்டேன்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது
அப்போது ஞாபகம் வரவில்லை.
அவனுக்குப் பொன்னுமில்லை, புதனுமில்லை.
வெள்ளி மட்டும், மாதம் ஐந்நூறு.
அதிலும் உடைந்த கேஜுக்குப் பிடித்தம்.

ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட வந்தான்.
போடுவான், போவான் என்றிருந்தேன்.
உட்கார்ந்து படித்தான்,
வரிவரியாக, விரல் வைத்து.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்னு ஆயிடுமாக்கா?"

"ஆயிடும்."

"நாளைக்கு இதைப் பார்த்துட்டு எவனாவது
தனியா போயி கேஸ் ஏத்திட்டு வான்னா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
சம்பளநாள் வெள்ளிக்கிழமை என்பதையும்
வீட்டு வாடகையையும்
நான் நினைக்காமல் இல்லை.
மூன்றாவது பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.

ஏப்ரலில், என் வரிக்கு அடியில்,
இரண்டு முறை உதறி, அழுத்தி எழுதினான்:
கயிறு கொடுக்கல.
மற்ற பக்கங்களில் வெறும் கையெழுத்து.

காலையில் முதலாளி
இஸ்திரி போட்ட சட்டையில்,
சுடச்சுடக் கறிபாப் ஆறு.
அதிகாரி வேண்டாமென்று கண்ணாடியைத் துடைத்தார்.
குறிப்பேட்டைத் திறந்தார்.
பிப்ரவரியில் இருக்கிறார்.
எச்சில் தொட்டுத்தான் பக்கம் திருப்புகிறார்,
ஒவ்வொன்றாக.