இருக்கட்டும்

டத்தோ கெராமாட் சாலை மாமாக் கடையில்
இரவு பதினொன்றரைக்கு
நீர்நாய்களை விற்றுக்கொண்டிருக்கிறோம்.

விற்பவன் குணாளன்.
கடை ரசீதின் முதுகில் ஐந்து வட்டம்,
வட்டத்துக்குள் சட்டை எண்கள்,
தே தாரிக் கோப்பையின் ஈர வளையம்
ஆறாவது ஆட்டக்காரனாக நடுவில் புகுந்திருக்கிறது.

"பதினொன்னைத் தள்ளிவிடுவோம்.
ஈப்போக்காரன் அந்த சிபு பையனைத் தர்றான்.
ஆறடி ஒன்பது அங்குலம் லா!
கூடவே ஒரு ஷூட்டர்.
இதுக்கு மேல என்ன, வெத்தலை பாக்கா?"

"செங் இல்லாம பந்தை யாரு கொண்டுவருவா,
உன் மாமனாரா?"
மரியசீலி கேட்க, ஹூய் மின் மேசையைத் தட்டுகிறாள்.
எங்கள் சண்டை தமிழில் கிளம்பி
மலாயில் சூடேறி
கெட்ட வார்த்தைக்கு மட்டும் ஹொக்கியனுக்குப் போகும்.

ஃபைருஸ் கத்தமாட்டான். கணக்கு வைத்திருப்பான்.
"கடைசி நாலு ஆட்டம்.
செங் ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பவில்லை.
யாராவது கவனித்தீர்களா?"

நான் ரொட்டியைக் கிழிக்கிறேன்.
கோழிக்குப் போடுவதுபோல், பொடிப்பொடியாக.

மதியம் இரண்டேகாலுக்கு
பதினொன்று என் மேசையில் படுத்திருந்தான்.
தொப்பி, முகக்கவசம்.
படிவத்தில் பெயரைப் பார்த்தும் பெயர் சொல்லவில்லை,
வரிசை எண் நாற்பத்திரண்டு என்றுதான் கூப்பிட்டேன்.
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.
அதில் கோப்பை ஜெயித்த வருடத்துச் சின்னப் பதக்கம்.
அந்த இரவு கத்தித் தொண்டை கட்டி
மூன்று நாள் நான் நோயாளிகளிடம்
சைகையில் பேசியிருக்கிறேன்.

இருபது நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும் என்றேன்.
"அவ்வளவு நேரம் என்னை
எந்தப் பயிற்சியாளரும் உட்கார வைத்ததில்லை, காக்கா,"
என்று மலாயில் சிரித்தான்.
அசையவில்லை.

நான் படம் பிடிப்பவள். படிப்பது டாக்டரின் வேலை.
ஆனாலும் பன்னிரண்டு வருடக் கண்
கேட்காமலே படித்துவிடுகிறது:
வெள்ளை இருக்கக்கூடாத இடத்தில்
ஒரு வெள்ளைக் கீற்று.

"வயசாச்சு," என்கிறான் குணாளன். "முப்பத்திரண்டு."
"முப்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா?"
மரியசீலிக்கு முப்பத்துமூன்று.

விற்றால் ஏமாறப்போவது ஈப்போ.
ஒரு நொடி, வெட்கமில்லாமல்,
அது நாக்கில் இனித்தது.
அடுத்த நொடி
அந்த ஊரிலும் இதேபோல் ஒரு மேசை இருக்கும்,
அதில் ஒருவன் ரசீதைத் திருப்பி
பதினொன்று என்று ஆசையாக எழுதிக்கொண்டிருப்பான்
என்று தோன்றியது.
கையெழுத்துப் போடுமுன் அவர்கள் மருத்துவரும் பார்ப்பார்,
எனக்குத் தெரியும்.
தெரிந்து என்ன?
இந்த மேசைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

"சரி, ஓட்டு," என்றான் குணாளன்.
விற்க இரண்டு. வைக்க இரண்டு.
நான்கு முகமும் என் பக்கம் திரும்பின.

"நீதான். சொல்லு."

வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கினேன்.
கறி ஆறிப்போயிருந்தது.
மழை தகரக் கூரையில் பந்து தட்டிப் பழகியது.

"இருக்கட்டும்," என்றேன்.

பேச்சைச் சொன்னேன்.
இல்லை, ஆளைத்தான் சொன்னேனோ.

"மூணுக்கு ரெண்டு!"
ஹூய் மின் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.
மரியசீலி என் தோளில் குத்தினாள்.
குணாளன் வானத்தைப் பார்த்து
நல்ல ஹொக்கியனில் ஒன்று சொன்னான்.
ஃபைருஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்,
இடப்பக்கம் திரும்பாதவளைக் கணக்கில் எடுப்பவன்போல.

கடைக்காரர் வந்து ரசீதைக் கேட்டார்.
திருப்பினார். அணியைப் பார்த்தார்.
"இதுல யாரும்மா காசு குடுக்கிறது?"

நான் கொடுத்தேன்.