மைனஸ் இருபத்தேழில் வீட்டை மடிப்பது

பன்னிரண்டு மணிக்கு இழுவை வண்டி வரும்.
தண்ணீரை நேற்றே நிறுத்திவிட்டார்கள்.
ஹின்டனில் வாடகைக்கு ஓர் அறை அகப்படாமல்
ஜூனிலிருந்து நான் குடியிருக்கும் டிரெய்லருக்கு
விலாப்பக்கம் ஓர் இழுப்பறை உண்டு.
அறை என்றால் அறையேதான்.
சோபா, மேசை, ஜன்னல்,
ஜன்னலோரம் ஆணியில் தொங்கும் நாட்காட்டி
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே நீளும்,
பட்டனை அழுத்தினால் உள்ளே வரும்.
வரவேண்டும்.

"முதல்ல கூரையைக் கூட்டு" என்கிறார்
ஸ்காபரோவிலிருந்து வாமதேவன்.
மடியில் கையேடு. கையில் ஆவி பறக்கும் கோப்பை.

ஏணியில் ஏறினேன்.
மேல்பனி அரிசிமாவு போலப் பறந்தது.
அடிப்பனி வேறு ரகம்,
எப்போதோ ஒரு மதியம் உருகி
அன்றிரவே மனம் மாறியது.
தும்புத்தடிக்கெல்லாம் அது மசியாது.
ரப்பர் விளிம்பு நெடுக ஓரங்குலக் கண்ணாடி.

"சுத்தியலால தட்டாதை.
சுடுதண்ணி ஊத்தாதை, ஊத்தினா அதுவும் உறையும்."
சுடுதண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

பட்டன்.
மோட்டார் தொண்டையைச் செருமியது.
வலது முனை நாலங்குலம் வந்தது.
இடது முனை வரவில்லை.
குடும்பப் படத்தில் ஒருவர் மட்டும்
யாரோ கூப்பிட்டுத் திரும்பியது மாதிரி
கோணிக்கொண்டு நின்றது வீடு.

"விடு! கையை எடு! பல்சக்கரம் போயிடும்!"
எடுத்தேன்.
"இல்லை, பொறு, அழுத்திப் பிடி,
அடுத்த பக்கத்தில போட்டிருக்கு..."
அந்தச் சொல்லோடு போன் செத்தது.
நாற்பது சதவீதம் இருந்த போன்.
குளிர் சதவீதம் பார்ப்பதில்லை.

பைன் மரங்களுக்குப் பின்னால்
சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.
வேறு எவரும் எதுவும் சொல்லவில்லை.
நன்றாக இருந்தது.

பக்கத்துத் தளத்து கோரீன்
முடி உலர்த்தியையும் நீள வயரையும்
என் படியில் வைத்தாள்.
"மேலிருந்து கீழே. பறக்காதே."
அவ்வளவுதான், போய்விட்டாள்.
அவளுக்கும் ஓர் அறை உள்ளே போகவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் இரத்தம் எடுப்பவள்.
ஒளிந்துகொண்ட நரம்பைத் தேடும் அதே விரலால்,
கையுறையைக் கழற்றி, ரப்பரைத் தடவினேன்,
பத்து எண்ணும்வரை தடவி, மறுபடி கையுறை,
மறுபடி பத்து.
இடது கீழ்மூலையில் அகப்பட்டது,
பிஸ்கட் அளவுக்கு ஒரு கட்டி.
இத்தனைக்கும் இதுதானா.
சூடு காட்டினேன், சுரண்டக் கருவி தேடினேன்.
பையில் கிடந்தது டொராண்டோ பஸ் அட்டை,
ஜூனுக்குப் பிறகு தொடாதது.
அதை விட்டு நெம்பினேன்.
அட்டை உடைந்தது.
பனியும்.

பட்டன்.
இரண்டு முனையும் சேர்ந்து வந்தன,
முனகிக்கொண்டு, ஆனால் வந்தன.
கடைசி அரையடியில் நறநறவென்று ஒரு சத்தம்.
பல்சக்கரம்! என்று நெஞ்சு நின்றது.
சோபாவுக்குப் பின்னால் நான் மறந்த
அப்பளக் கட்டு.

இப்போது வீடு ஆளோட்டம் அகலம்.
உட்கார்ந்தால் முழங்கால் அடுப்பில் இடிக்கிறது.
கூரையில் மிச்சமிருந்த பனி
அறையோடு சேர்ந்து உள்ளே சவாரி வந்து
பாயில் நீளமாக விழுந்து கிடக்கிறது,
வழித்துக் கொட்டத்தான் எடுத்தேன்.
கேத்தில் வெறுமையாக இருந்தது.

அடுப்பருகே வைத்த போன் உயிர்த்து எழுந்து
பதினோரு அழைப்பு என்கிறது.
பன்னிரண்டாவதும் வருகிறது.
எடுப்பேன். கொதிக்கட்டும்.

தேநீரில் லேசாக ரப்பர் வாசம்.
ஒரு பைன் ஊசி மிதந்தது, ஊதி ஒதுக்கிவிட்டுக்
குடித்தேன்.