பக்கம் நாற்பத்தொன்று

"நேரில் கண்ட சாட்சிகள்: எவருமில்லை."
அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
அந்த ஒரு வரிதான்.
மிச்சம் வெள்ளை.

அதை ஒளிப்படப் பிரதி எடுத்து
பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு
மாங்குளத்தில் இறங்கி
மல்லாவி பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன்.

விழுந்தது சின்ன விமானம்.
இரண்டு எஞ்சின், மூன்று பேர்,
மருந்துப் பெட்டிகள், ஒரு பல்வைத்தியக் கதிரை.
மார்கழி. விடியப்புறம் நாலரை.
விமானியின் தவறென்று முடித்திருந்தார்கள்.
இறந்தவனின் தவறு மலிவு;
அவன் மேன்முறையீடு செய்யமாட்டான்.
எண்ணெய் நிரப்பிய பதிவேட்டை மூன்று தரம் கேட்டேன்.
வெள்ளத்தில் ஊறிப்போனதாம்.

வவுனிக்குளத்துக்குத் தெற்கே
இடத்தைக் காட்ட வந்தவன் கௌரிதாசன்.
அப்போது அவனுக்கு நாலு வயது, இப்போது பதினாறு.
"இதில இருந்து அந்த வீரை மட்டும்" என்று கையை நீட்டினான்.
நாடாவை இழுத்தோம். நூற்றுப்பதினாறு மீற்றர்.
ஒரு ஆணிகூட இல்லை.
பழைய இரும்புக்காரர் மூன்று லொறியில் ஏற்றிவிட்டார்கள்.
ஒரு கோழிக்கூட்டின் கதவில் மட்டும் பாதி எண்:
ஒரு ஏழு, ஒரு மூன்று,
தகரவெட்டி கடித்த இன்னொன்று.
படம் எடுத்தேன். கோழி விலகவில்லை.

அவன்தான் சொன்னான், நகுலேஸ்வரியக்காட்டயும் கேளுங்கோ என்று.
சந்தியில் தண்ணிப் பம்பு திருத்துகிறவ.

"கண்டனீங்களோ?"
"காணேல்லை. கேட்டனான்."

குறடைக் கீழே வைக்காமலே சொன்னா:
"ஒண்டு முதல்லயே நிண்டிட்டுது.
மற்றது இருமினது. பிடிச்சு, திரும்ப இருமி...
எண்ணெய்க்குள்ள தண்ணி போனால் இப்பிடித்தான்.
குளத்துக்கு மேலால வரேக்கையே தெரியும்
இது மற்றக் கரைக்குப் போகாதெண்டு."

எப்படி இவ்வளவு நிச்சயம் என்றேன்.

"பதினொரு வயசில இருந்து
சத்தத்தை வச்சுத்தானே தங்கச்சி ஓடினனாங்கள்.
கிபிர் எண்டால் படுக்கிறது.
ஹெலி எண்டால் மரத்தடி.
வண்டு எண்டால் அடுப்பை நூத்துப்போட்டு
செல்லைப் பாத்துக்கொண்டு இருக்கிறது.
பிழையாக் கேட்டவை இப்ப இல்லை."

விசாரணைக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லவில்லையா?

"வந்தவை. ஜீப்பில.
கண்டனியோ எண்டு கேட்டினம்.
இல்லை எண்டன்.
உண்மைதானே."

நான் பொலித்தீன் உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எத்தினை பக்கம் உந்த அறிக்கை?"
நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
"விழுந்த ஒண்டுக்கு."
ஒரு நட்டைப் பெட்டிக்குள் தேடினா.
"விழாமல் திரும்பிப் போனதுகளுக்கு?"
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
நட்டு எங்கே என்று கேட்கிற அதே குரல்.

விமானங்கள் ஏன் விழுகின்றன என்று
பதினான்கு வருடம் எழுதியிருக்கிறேன்.
அதற்கு மறுபக்கம் இருப்பது தெரியும்.
ஆனால் அதற்கு விசாரணை இலக்கம் கிடையாது,
கறுப்புப் பெட்டி கிடையாது,
நான் விண்ணப்பம் அனுப்ப ஒரு முகவரியும் கிடையாது.
இதை நான் அவவிடம் சொல்லவில்லை.

அவ எழும்பி
திருத்தி முடித்த பம்பொன்றை முற்றத்துக்கு இழுத்துவந்து
தாங்கிக்குள் அரை மூடி தண்ணீர் விட்டா.
"பிடியுங்கோ உங்கட மெசினை."
கயிற்றைச் சுண்டினா.

ஓடியது.
இருமியது.
பிடித்தது.
இருமியது.

பம்பை எடுத்துப்போக வந்து நின்ற மனுசன்
சைக்கிளை விட்டுவிட்டு
வானத்தைப் பார்த்தார்.

இருபத்திரண்டு விநாடி. பிறகு அமைதி.
"இது" என்றா.

நாற்பத்தொன்றாம் பக்க வெள்ளையில்
பென்சிலால் பெயரை எழுதினேன், வயதை எழுதினேன்.
தொழில்?
"பம்பு திருத்துறது எண்டே போடுங்கோ."

காபரேட்டர் திரும்பக் கழுவ வேண்டும்,
அதற்கு அறுநூறு ரூபாய் கேட்டா.
கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கினேன்.
கையொப்பத்தின் மேல் கிறீஸ் விரல் ஒன்று
தெளிவாய்ப் பதிந்திருந்தது.