தனித்து ஒலிக்கலாகாது

ஐந்து உயிரெழுத்துகளை விற்றாள் ஜித்ரா,
ரீகாவில், ஒரு குளிர்காலப் பிற்பகலில்
நாற்பது லாட்ஸுக்கு.
அந்த நாணயமே இன்று புழக்கத்தில் இல்லை.
ஆ, ஏ, ஈ, ஓ, ஊ.
ஒவ்வொன்றும் முதலில் மெல்ல, பிறகு ஓங்கி,
பிறகு மூச்சு தீரும்வரை.
ஹீட்டர் இரையுமென்று அணைத்துவிட்டார்கள்.
கோட்டைக் கழற்றாமலே பாடினாள்.

பதினேழு வருடம்.
பற்பசை விளம்பரத்தில் அவளுடைய ஆ.
பேரங்காடி லிஃப்டில் ஊ.
ஏதோ கார்ப் பந்தய விளையாட்டில்
வண்டி நொறுங்கும்போதெல்லாம் ஈ.
இப்போது டிராமில் பயணச்சீட்டு பரிசோதிக்கிறாள்.
ஒரு பையனின் ஹெட்ஃபோனிலிருந்து
ஓ கசிந்தது.
அவனிடம் சீட்டில்லை.
அபராதம் எழுதினாள்,
கொஞ்சம் தாமதமாக.

மேல்மாடி ரைதிஸிடம் இருக்கிறது அந்தத் தொகுப்பு;
இருபத்தொன்பது யூரோ, ரசீதோடு.
“டிரம்ஸ் வேண்டாம், வயலின் வேண்டாம்,
என்னை மட்டும் எடுத்து
ஒரு நகல் கொடு.”

போன வருடம்தான் வக்கீல் நோட்டீஸ் ஒன்றில் மாட்டி மீண்டவன்.
உரிமத்தை வாசித்துக் காட்டினான்:
இசையில் கலந்து பயன்படுத்தலாம்.
பிரித்தெடுத்துப் பிறருக்குத் தரலாகாது.
தனித்து ஒலிக்கலாகாது.

“பிறர் யார்? அது நான்தானே?”
“நீங்கள்தான்.
உரிமம் என் பேரில் இருக்கிறது.”

உயிர் தானே இயங்கும்,
மெய்தான் துணை தேடும் என்று
சொல்லித்தந்த மொழியில் இதை எழுதுகிறேன்.
உரிமத்தை எழுதியவருக்கு
அந்த இலக்கணம் தெரிந்திருக்க நியாயமில்லை.

துணை எவ்வளவு இருந்தால் இசை?
தேடிப் பார்த்தார்கள், அளவு போடவில்லை.
ரைதிஸ் தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் ஒருமுறை தட்டினான்.
“அதிகம்” என்றாள்.
நாற்காலி முனகலைப் பதிந்தார்கள்.
அதுவும் அதிகம்.
கடைசியில் அவளே எழுந்து
ஹீட்டரைப் போட்டாள்.
அதன் இரைச்சல் இரண்டு நிமிடம்,
அடியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும்.
சட்டப்படி இது ஒரு பாட்டு.

ஆ.
முப்பத்தொரு வயதின் ஆ,
பல் தேய்க்காமல், மாடி ஏறாமல்.

கேட்டு முடித்துக் கோட்டைக் கழற்றினாள்.
“முதலிலிருந்து” என்றாள்,
“ஆ தொடங்குமுன்னே ஏதோ இருக்கிறது.”
ஒலியைக் கூட்டினான்.

வெட்ட மறந்த அரை நொடி:
எச்சில் விழுங்கும் சத்தம்.

“இதை நான்
விற்கவே இல்லை” என்றாள் ஜித்ரா.