கையிருப்பு

மார்ச் முப்பத்தொன்று.
இழுப்பறையை மேசைமேல் கவிழ்த்து
ஆயுதங்களை எண்ணுகிறேன்.
சூலம், ஆறாம் நம்பர், இருபத்திரண்டு.
எட்டாம் நம்பர், ஒன்பது.
வாள் ஏழு, அதில் ஒன்று வளைந்தது.
வில் இருக்கிறது, அம்புகளைக் காணோம்.
போன வருஷமும் காணோம் என்றே எழுதியிருக்கிறேன்.
சங்கும் சக்கரமும் கணக்கில் வராது,
விரலோடு சேர்ந்தே வார்ப்பில் பிறப்பவை.
அஞ்சேல் என்று விரித்த கைக்கு
உதிரி பாகம் கிடையாது.
அதில் தொலைய ஒன்றுமில்லை.

கடலூர் முதுநகர்.
உப்பனாற்றைப் பார்த்த பின்கட்டில் பட்டறை.
மீன்வாடையும் வெங்காரப் புகையும்
ஒரே ஜன்னலில் போய்வரும்.
உடைந்த குழாய், ஓடாத பம்புசெட்டின் வயிறு,
கல்யாண மண்டபத்து அண்டா
எல்லாம் எடைக்கு வாங்கி உருக்குகிறோம்.
எந்தக் குழாய் எந்தத் தேவியின்
முழங்காலாயிற்று என்று
தராசு கேட்பதில்லை.

வாங்க வருகிறவர்கள் அர்த்தம் கேட்பார்கள்.
மூன்று முனை மூன்று குணம் என்று
அட்டையில் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.
புதுச்சேரிக்காரர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு
வாளை மட்டும் கழற்றச் சொன்னார்,
"சின்னப் பிள்ளை இருக்கிற வீடு."
கழற்றியபோது வளைந்ததுதான்
அந்த ஏழில் ஒன்று.

ஞானசபேசன் மெழுகு பிடிக்கிறவர்.
மூக்கைவிட முஷ்டிக்குத்தான் அவருக்கு அதிக நேரம்.
"முகம் தப்புனா சந்தனம் மறைக்கும்,
பிடி தப்புனா சூலம் ஆடும்."
ஒவ்வொரு பிடிக்குள்ளும்
களிமண் பூசிய ஈர்க்கு ஒன்றைச் செருகுவார்.
மெழுகு உருகி ஓடி
பித்தளை உள்ளே வந்து அமர்ந்தபின்
ஈர்க்கு கரியாகி உதிரும்.
அது இருந்த இடம்தான் துளை.

எண்ணி முடிக்குமுன்
தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி வந்தாள்.
பெயிண்ட் வாளிக்குள், ஈரத்துண்டு சுற்றி,
எட்டுக் கை துர்க்கை.
"தானே புயல்ல வூட்டுக்குள்ள தண்ணி.
நாலா நாளு சவுக்குத் தோப்புல
குப்புறக் கெடந்தா.
மத்ததெல்லாம் இருந்துச்சு.
சூலம் மட்டும் போச்சு.
இப்ப பொண்ணுக்குக் கல்யாணம்."

எங்கள் வார்ப்புதான்.
பீடத்தின் அடியில் ஞானசபேசனின் நகக்குறி.
உடம்பெல்லாம் பச்சை.
களிம்பு வெளியிலிருந்து வருவதல்ல,
செம்போடு பிறந்தது என்பார் கோயில் ஓதுவார்.
இருக்கட்டும். நான் புளி போட்டுத் தேய்க்கிறவள்.
தோள், வளை, எருமையின் கொம்பு
என்று தேய்த்துக்கொண்டே வந்து
வலது மேல்கையில் நின்றேன்.
முஷ்டிக்குள்
ஓர் ஈர்க்கு.

"வெறுங்கையப் பாத்து புள்ளைங்க அழுதுச்சுங்க.
வெளக்கமாத்துலேர்ந்து உருவிச் சொருகுனேன்.
ரெண்டு நாளைக்குன்னுதான்."

ரெண்டு நாள் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது.
எண்ணெயும் குங்குமமும் குடித்து
ஈர்க்கு முள்ளாய் இறுகிவிட்டது.
குறடால் இழுத்தேன். வரவில்லை.
இன்னும் இழுத்தால் விரல் பிளக்கும்.
இந்தக் கை முதலில் பிடித்ததும் இதைத்தான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவளே,

"வுடு.
இத்தினி வருசமா அத்த வெச்சித்தான்
எல்லாத்தயும் பாத்துக்கினா."

ஆனாலும் ஆறாம் நம்பர் ஒன்றை
பேரம் பேசி, பத்து ரூபாய் குறைத்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
எதற்கு என்றேன்.
"பொறவாசக் கதவுக்கு
நாதாங்கிக் குச்சி இல்ல."

சூலம், ஆறாம் நம்பர், இருபத்தொன்று.
கூட்டல் சரி.
செலவுப் பக்கத்தில் கடைசி வரி:
துடைப்பம் ஒன்று, நாற்பது ரூபாய்.
மாசத்துக்கு ஒன்று எதற்கு என்று
முதலாளி சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்.
பதில் எழுத விட்டிருக்கும் கட்டம்
ரொம்பச் சிறியது.