நான்கு விரற்கடை

பீல் நகரில் எல்லாத் தெருவுக்கும் இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மனில், ஒன்று பிரெஞ்சில்.
சுவர் அகலமானது, தாங்கும்.
எனக்குக் கிடைத்ததோ
நான்கு விரற்கடை அகலம்.

ரெட்டோ பெரியதில்தான் தொடங்குவான்.
இருபத்தேழு அங்குலத் திரை.
ஏரியின் படம், மூன்று பத்தி,
ஓரத்தில் வானிலை, மேயரின் புன்னகை.
"பிறகு சுருக்கிக்கொள்ளலாம்" என்பான்,
வெந்நீரில் போட்ட கம்பளிச் சட்டை
தானாய் அளவுக்கு வந்துவிடும் என்பதுபோல.

சுருக்கினோம்.
ஏரி தபால்தலை ஆயிற்று.
மேயருக்கு நெற்றி போயிற்று.
ஆவுஃபென்ட்ஹால்ட்ஸ்பெவில்லிகுங்
என்ற அந்த ஒற்றைச் சொல்,
வதிவிட அனுமதி என்று பொருள்,
திரையின் விளிம்பைத் தாண்டி
வெளியே எங்கோ போய் முடிந்தது,
விண்ணப்பிக்கும் பொத்தானையும் இழுத்துக்கொண்டு.

அனுமதியே எல்லைக்கு வெளியே நிற்கிறது பார்
என்று ரெட்டோ சிரித்தான்.
நான் பதிவுகளைத் திறந்தேன்.
அதிகாலை நான்கு ஐம்பது:
மேசைக்கணினி ஒன்றுமில்லை,
கைப்பேசி அறுபத்தொன்று.
ரொட்டி அடுப்பு, மருத்துவமனைச் சலவை,
ரயில்பெட்டி கழுவும் கொட்டகை.
பொத்தான் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தை
பதினொரு தடவை தட்டியிருக்கிறது
ஒரு பெருவிரல்.

அதன்பின் சிறியதில் தொடங்கினேன்.
உள்ளங்கை அளவு காகிதம் வெட்டி,
இடமில்லாதபோது எது மிஞ்ச வேண்டும்
என்று கேட்டுக் கேட்டு எறிந்தேன்.
வானிலை போனது. ஏரி போனது.
மேயர் போகக் கையெழுத்து வேண்டியிருந்தது.
பெயர், தேதி, பொத்தான்.
மூன்று வாரம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

செவ்வாய்தோறும் நூலகக் கணினிக்கு வரும்
ஓடில் ஜான்ரே அம்மையார்
எழுத்தை நாலு மடங்கு பெருக்கி வாசிப்பவர்.
அவ்வளவு பெரிய திரையும் அவருக்கு
என் நான்கு விரற்கடை ஆகிவிட்டது.
அலுவலக நேரம் எங்கே என்று கேட்டார்.
மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைக் காட்டினேன்.
"இது கதவென்று
யார் சொன்னார்கள்?"

மெனு என்று எழுதிவைத்தேன்.
அகலத் திரையில் நேரத்தை வெளியே எடுத்தேன்.
ரெட்டோ சன்னலின் ஓரத்தைப் பிடித்து
மெல்ல மெல்ல இழுத்தான்.
ஒரு பத்தி இரண்டானது.
ஆயிரத்து நூறு பிக்சலில்
ஏரி திரும்பி வந்தது.
மேயரை இருவருமே கேட்கவில்லை.

இன்று நான்கு ஐம்பத்திரண்டுக்கு
ஒரு பெருவிரல். ஒரே தடவை.

அந்த நீளச் சொல்லை மட்டும்
எந்த எழுத்தில் உடைப்பதென்று
மதியச் சாப்பாடு ஆறும்வரை
இன்னும் சண்டை போடுகிறோம்.